இன்று சமையல் டானிகா

"டானிகா, மிஷினை நிறுத்திட்டு இறங்கு. இன்னிக்கு மத்தியானம் நீதான் சமையல்!"

ரேடியோவில் முதலாளி வெர்லின் கத்தியதும் டானிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோதுமைக் காட்டின் நட்டநடுவே அறுப்பு மிஷினை நிறுத்தினாள்.

"ஏன் பாஸ்? மார்லிஸ் மேடத்துக்கு என்ன ஆச்சு?"

"என் பொண்டாட்டியை மிஷின் பெல்ட் வாங்க டவுனுக்கு அனுப்பியிருக்கேன். அவளை விட்டா இங்க பொம்பளைன்னு இருக்கிறது நீ ஒருத்திதானே?"

ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த கோஷ்டியின் ஏழு ஆண்களும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

இந்த டிரைவர் சீட்டுக்காக இருபத்திரண்டு அறுவடைக் கோஷ்டிகளுக்கு எழுதிப்போட்டவள் டானிகா. இருபத்தோரு பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "சமைக்கத் தெரியுமா?" வெர்லின் மட்டும், அதுவும் ஆள் கிடைக்காத கடுப்பில், மிஷினைக் கையில் கொடுத்தார். ஓக்லஹோமாவில் ஆரம்பித்து கான்சாஸ் வரை மூன்று வாரமாக அறுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு கதிர் விட்டதில்லை. ஆனாலும் அந்தத் தடியன்களுக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான்.

'வாய்க்கு ருசியாப் போட்டாத்தான் இதுங்க நம்மளை மதிக்கும்போல' என்று முனகிக்கொண்டே சமையல் வண்டியில் ஏறினாள்.

மாட்டுக்கறி ஸ்டூ. கறியைச் சிவக்க வதக்கி, கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு, பொறுமையாக வேகவிட்டாள். வாசனை லாரிகள் நிற்கும் இடம் வரைக்கும் போய் ஆளை இழுத்தது.

பெல்ட்டோடு மார்லிஸ் வந்து இறங்கினாள். ஐம்பதைத் தாண்டியவள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. டானிகாவைச் சமையல் வண்டிப் பக்கம் அண்டவே விடமாட்டாள். போன வாரம் தட்டு கழுவ வந்தவளைத் துடைப்பத்தோடு விரட்டியிருக்கிறாள்.

கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது.

"நல்லா இருக்கா மேடம்?"

"போய் அவனுங்களைக் கூட்டிட்டு வா."

தட்டை ஏந்திக்கொண்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வெர்லின்தான் முதல் வாய் வைத்தார். அடுத்த நொடி புல்லில் துப்பினார்.

"அடிப்பாவி! கடலையே காய்ச்சி ஊத்திட்டியா?"

"எங்க பண்ணை மாடு நக்குற உப்புக்கட்டி இதுக்குத் தேவலை" என்றான் லாரி ஓட்டுகிற கார்வின்.

"பாப்பா, தண்ணி! சீக்கிரம்!" என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆடினான் இன்னொருத்தன்.

வெர்லின் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை அடுப்புப் பக்கம் உன்னைப் பாத்தேன், நடுரோட்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிடுவேன். ஓடு, மிஷின்ல ஏறு! மார்லிஸ், நீ நாலு முட்டையாவது பொரிச்சுப் போடு."

டானிகாவுக்கு அழுகை முட்டியது. அளந்து இரண்டே ஸ்பூன்தானே போட்டோம்?

தொப்பியை எடுக்க வண்டிக்குள் போனபோதுதான் கண்ணில் பட்டது. காலையில் புதிதாகப் பிரித்த உப்பு டப்பா காலியாகக் கிடந்தது.

"நீங்கதானே கொட்டினீங்க?"

"ஆமா." மார்லிஸ் அசரவில்லை.

"நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்? இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

மார்லிஸ் ஒவ்வொரு முட்டையாக உடைத்து வாணலியில் ஊற்றினாள்.

"இந்த மனுஷன் என்னையும் மிஷின் ஓட்டத்தான் வேலைக்குச் சேர்த்தாரு. முப்பத்தொரு வருஷம் ஆச்சு. ஒருநாள் சமையல்காரன் வரலைன்னு, ஒருவேளை மட்டும் பாத்துக்கோன்னு இறக்கிவிட்டாரு."

தோசைக் கரண்டியால் முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"அன்னிக்கு என் சமையல் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."