கீழ்வீட்டு மிக்ஸி

“டேய் குச்சி, பூண்டு போட்டுட்டியா?”

“போட்டாச்சு. முதல்ல கதவைச் சாத்து.”

புரொபசர் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்தான். ஒரே பாடத்தில் விடாமல் திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதுவதால் அவனுக்குக் கிடைத்த பட்டம் அது.

“மாடியில சமையல் கூடாது. விசில் சத்தம் என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கே பெட்டியைக் கட்டிடணும்.”

குடிவந்த அன்றே ஹவுஸ் ஓனர் சொன்ன வார்த்தை. சொன்னால் சொன்னதுதான். இவர்களுக்கு முன்னால் இருந்த பையனைப் பரீட்சைக்கு நடுவில் வெளியே அனுப்பிய மனிதர். தெருவில் அவருக்கு ஜெயிலர் என்று பெயர்.

இவர்களுக்கோ அடுத்த வாரம் பரீட்சை. இந்த வாடகைக்கு வேறு ரூம் கனவில்கூடக் கிடைக்காது. அதற்காகத் தினம் கடையில் சாப்பிடக் கட்டுப்படியாகுமா?

சந்தை கலையும் நேரத்தில் அள்ளி வந்த வாடின கேரட், பாதி முட்டைகோஸ், ஓட்டல் மேஜையிலிருந்து சட்டைப் பையில் குடியேறிய சோயா சாஸ். எல்லாவற்றையும் குக்கரிலேயே வதக்கி, அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டு மூடினால், ஒரே விசிலில் ஃப்ரைடு ரைஸ். வெயிட் போடாமலும் வேகும்தான். அது வேகுமுன் சின்ன சிலிண்டர் மூச்சை விட்டுவிடும்.

“ஒரு விசில்தாண்டா! ரெண்டாவது வந்தா கஞ்சியாயிடும், பார்த்துக்கோ” என்று வழக்கம்போலக் கத்தினான் குச்சி.

“அது இருக்கட்டும்.” புரொபசரின் குரல் இறங்கியது. “இன்னைக்கும் ஓடுமாடா?”

குச்சி தரையைப் பார்த்தான்.

குக்கர் சீற ஆரம்பித்ததும் கீழ்வீட்டில் மிக்ஸி ஓடும். விசில் வந்து அடங்கும்வரை ஓடும். அடங்கியதும் நின்றுவிடும். ஒரு நாளும் தப்பியதில்லை.

முதலில் நல்ல நேரம் என்றுதான் நினைத்தார்கள். ஜெயிலருக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவரும் அம்மாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது.

“மிக்ஸியா? அந்த வீட்ல அடுப்பே பத்த வைக்கிறதில்லையே தம்பி. அவர் சம்சாரம் தவறினதிலேர்ந்து மூணு வேளையும் என் சாப்பாடுதான். மிக்ஸி அந்த அம்மாவோடது. போட்டது போட்டபடி மூலையில கிடக்கு.”

மறுநாள் குச்சி தரையில் காதை வைத்துக் கேட்டான். எதுவும் அரைபடுகிற சத்தமில்லை. வெறும் ஜார் சுற்றுகிற சத்தம்.

“பசிச்ச பிள்ளைங்களாச்சேன்னு செத்துப்போன அந்த அம்மாதான் வந்து...”

“வாயை மூடு. பகல்லயே பாத்ரூம் போகப் பயமா இருக்கு” என்றான் புரொபசர்.

இன்றைக்கும் குக்கர் சீற ஆரம்பித்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

படக்கென்று கரண்ட் போயிற்று. மாலை இருட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

“டேய்... கரண்ட் இல்லாம மிக்ஸி எப்படி ஓடும்?”

“ஐயோ, அடுப்பை அணை.”

கை தடவித் தடவி அடுப்புக் குமிழைப் பிடிப்பதற்குள் விசில் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று குச்சி கண்ணை மூடினான்.

அதே நொடி, கீழே.

ணங். ணங். ணங்.

இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம்.

“கரண்ட் இல்லாட்டியும் விடமாட்டேங்குதேடா” என்று புரொபசர் போர்வைக்குள் போய்விட்டான். அடுப்பு இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

இது என்னவென்று தெரியாமல் இனி ஒரு வாய் சோறு இறங்காது. குச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

கீழே சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. தரையில் கிடந்த டார்ச் வெளிச்சத்தில், எதிர்ச்சுவர் முழுக்க ஒரு கையின் நிழல். ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

குச்சி எட்டிப் பார்த்தான்.

ஜெயிலர். தரையில் சம்மணம் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சின்ன இரும்பு உரலை இடித்துக்கொண்டிருந்தார். உரலுக்குள் ஒன்றுமே இல்லை.

“விசில் அடங்கிடுச்சா?” கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

குச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அ... அடங்கிடுச்சு சார்.”

உலக்கையைக் கீழே வைத்தார். தோளைத் தடவிக்கொண்டார்.

“மிக்ஸின்னா பட்டனைத் தட்டினா போதும். இது ஆளைக் கொல்லுது.”

“சார், நீங்களா? எதுக்கு சார்?”

“முன்னாடி மேல இருந்த பையன் பரீட்சை எழுதாமலே ஊருக்குப் போயிட்டான்.” வெறும் உரலைக் கையால் துடைத்தார். “விசில் காதுல விழுந்தா வெளிய அனுப்பிடுவேன்னு உங்ககிட்டயும் சொல்லித் தொலைச்சுட்டேன். சொன்ன சொல்லை மாத்தி எனக்குப் பழக்கமில்லை. அதான், காதுல விழாம பார்த்துக்கறேன்.”

மேலே குக்கர் மறுபடி சீற ஆரம்பித்தது.

“இங்க என்ன நின்னுட்டிருக்கே, ஓடு. ரெண்டாவது விசில் வந்தா கஞ்சியாயிடும்” என்று அவனை விரட்டிவிட்டு, காதில் எதுவுமே விழாத அந்த மனிதர் உலக்கையைத் திரும்பக் கையில் எடுத்தார்.