ரயிலை நிறுத்தும் புடவை

ரயில் நிற்கவில்லை.

மாமியாரின் முந்தானை தண்டவாளத்தின் மேல் கிடந்தது. முழம் அகலத்துக்கு ஜரிகை. ரயில் அதன் மேல் ஏறி, ஒருமுறை குலுங்கி, இறங்கிப் போய்விட்டது.

மாமியார் கவனிக்கவில்லை. சாயந்திரம் வரப்போகிறவர்களுக்காக மூன்று மணிக்கே உடுத்திக்கொண்டு, கொலுவில் செட்டியார் பொம்மையை நேராகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மருமகள் கவனித்தாள்.

வயரிங் அவளுடையது.

ரயில் மாமனாருடையது. பினாங்கிலிருந்து வந்த பழைய விளையாட்டுச் சாமான். ஒரு கொலுவின்போது அதை நேராகப் பிளக்கில் செருகி, ஒரு புருவத்தை இழந்தவர் அவர். கூடவே வந்த டிரான்ஸ்ஃபார்மர் இருபது வருடமாகக் கொல்லைக் கதவுக்கு முட்டாக இருந்தது.

மருமகளாக வந்தவள் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால், மோட்டார் காயில் கட்டும் கடையில் வளர்ந்தவள்.

பழைய வயர் தொட்டதும் முறுக்குப் போல நொறுங்கியது. வெட்டி எறிந்து புதிது போட்டாள். இஞ்சினின் உடம்பெல்லாம் டெஸ்டர் வைத்துப் பார்த்தாள். டிரான்ஸ்ஃபார்மரைக் குழந்தைகளின் கையும் ஆரத்தித் தண்ணீரும் எட்டாதபடி கீழ்ப்படிக்குள் வைத்தாள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக, பைக்கின் பிரேக் பல்பு ஒன்றை வயரின் நடுவில் கோத்து, செட்டியாரின் தலைக்குப் பின்னால் ஒளித்தாள்.

தண்டவாளத்தின் குறுக்கே உலோகம் எது விழுந்தாலும் ரயில் நிற்கும். எதுவும் கருகாது. செட்டியாருக்கு மட்டும் ஞானம் பிறந்ததுபோல் தலையைச் சுற்றி ஒளி வரும்.

முந்தின நாள் ஓர் ஊக்கு விழுந்தது. நின்றது.

அவளுடைய அரக்குப் புடவை பட்டது. நின்றது. வெள்ளி இழை அல்லவா.

அந்த அரக்கைத்தான் மூன்று வருடமாக மாமியார் ‘பிளாஸ்டிக்கு’ என்று சொல்லிவருகிறாள். பெண்ணின் அப்பா கடையில் ஏமாந்துவிட்டாராம், பாவம்.

மாமியாருடையது மாம்பழ மஞ்சள். அறுபதாம் கல்யாணத்துக்கு மாமனார் தானே போய் எடுத்துவந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமியார் கண்ணை மூடிக்கொள்வாள்.

சாயந்திரம் சுண்டலுக்கு ஏழு பேர் வந்தார்கள்.

எதிர்வீட்டுப் பரிமளம் குங்குமம் எடுக்கக் குனிந்தாள். முந்தானை சரிந்தது. ரயில் நின்றது. செட்டியார் ஒளிர்ந்தார்.

“அய்யய்யோ, நான் ஒன்னும் பண்ணலம்மா!”

மருமகள் பேசாமல் இருந்திருக்கலாம். பேசிப் பழக்கமில்லாதவள். பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“உங்க ஜரிகை சுத்தம்க்கா. அதான் நின்னுடுச்சு.”

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் சாமியைப் பார்க்கவில்லை.

“தள்ளுடி, என் பார்டரை வச்சுப் பாக்கறேன்” என்றாள் இன்னொருத்தி.

நின்றது. கிளம்பியது. நின்றது. பாசஞ்சர் வண்டிகூட இத்தனை இடத்தில் நிற்காது.

வந்தவர்களில் அனுசுயாவின் புடவைக்கு மட்டும் நிற்கவில்லை. “எனக்கு அப்பவே தெரியும். நாத்தனார் குடுத்தது” என்று அவள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டாள்.

யாரோ மருமகளின் அரக்கு முந்தானையையும் இழுத்து வைத்தார்கள்.

நின்றது. செட்டியார் ஜொலித்தார்.

“பிளாஸ்டிக்குன்னீங்களே, லோகநாயகிக்கா?” என்றாள் பரிமளம்.

மாமியார் எழுந்தாள்.

“என்னோடத வைக்கறேன், பாருங்க. ரயிலு இன்னிக்கு பூரா கிளம்பாது.”

மூலை நாற்காலியில் செய்தித்தாள் நடுங்கியது. மாமனார் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தாளுக்கு மேலே, சரியாக வளராத அந்தப் புருவம் மட்டும் தெரிந்தது.

புருவம் மருமகளைப் பார்த்துக் கும்பிட்டது.

மாமியார் முந்தானையை உதறி, அகல விரித்து, தண்டவாளத்தின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கீழ்ப்படியோரம் மருமகள் உட்கார்ந்திருந்தாள். பிடி அவளுடைய கால் கட்டைவிரலை ஒட்டி இருந்தது.

சும்மா இருந்தால் போதும். அவளுடைய அப்பா ஜெயித்துவிடுவார்.

ரயில் நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். மாமனார் செய்தித்தாளை நேராக்கிக்கொண்டார்.

செட்டியாரை யாரும் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, சுண்டல் பாத்திரத்தை எடுக்க வந்த மருமகள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மஞ்சள் முந்தானை தண்டவாளத்தின் மேல்.

ரயில் ஏறி, குலுங்கி, இறங்கிப் போனது. ஒரு சுற்று வந்து, மறுபடி ஏறி, குலுங்கி, இறங்கிப் போனது.

மாமியார் செட்டியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செட்டியாருக்கு ஞானம் வரவில்லை.

“அத்தை…”

மாமியார் திரும்பவில்லை. முந்தானையை எடுத்து மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நாளைக்கு உன் அரக்குப் பொடவைய எனக்கு எடுத்து வை.”

“சரிங்க அத்தை.”

“கட்டைவிரல மடக்கிக்கிட்டு உக்காரு.”

உள்ளறையில் செய்தித்தாளின் சலசலப்பு சட்டென்று நின்றது.