மெயினைப் போட்டவள்

"நான்தான் சார் மெயினைப் போட்டேன்."

மின் ஆய்வாளர் பேனா மூடியைத் திறப்பதற்குள்ளேயே அவள் சொல்லிவிட்டாள். மளிகைச் சாமான் பட்டியலைப் படிப்பது போல இருந்தது குரல்.

"எதுக்கும்மா போட்டீங்க?"

"வாஷிங் மெஷின்ல துணி பாதியில நின்னு போச்சு. அவர் வேலை செய்யறது ஞாபகம் இல்ல."

ஊருக்கெல்லாம் சோலார் மாட்டிக் கொடுத்தவர் அவள் கணவர். பன்னிரண்டு வருஷ அனுபவம். சொந்த வீட்டுக்கு மாட்டும்போது, மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரைத் திறந்து வைத்தபடியே அதன் முன்னால் விழுந்து கிடந்தார். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை.

அன்றிலிருந்து கூடத்தில் கட்டிலோடு கிடந்த மாமியார் தலையைத் தூக்கினார். "எம் புள்ளைய விட இவளுக்குத் துணி பெருசாப் போச்சு! நல்லா எழுதிக்குங்க சார். கொன்னுட்டா பாவி."

"நீங்க அப்ப எங்கம்மா இருந்தீங்க?"

"மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். மேல இருக்கற சுவிட்ச் அணைஞ்சே இருக்கணும், பாத்துக்கம்மான்னு காலையிலேயே சொல்லி வச்சிருந்தான். மறக்காம என் கையாலயே திருப்பி அணைச்சுட்டு வந்தேன் சார். நான் அவ்வளவு பதனமா இருந்தும் இவ ஒரு நொடியில..." மேலே பேச முடியாமல் இருமல் வந்துவிட்டது.

மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்து முடித்துவிட்டு மாமியார் மறுபடியும் திட்டினார்.

ஆய்வாளர் இன்வெர்ட்டரின் முன் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "மாடியக் காட்டுங்கம்மா" என்றார்.

மேலே பேனல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அன்றைக்குக் காயப்போட்ட துணிகள் ஒன்பது நாளாகக் கொடியிலேயே விறைத்துப்போய்க் கிடந்தன. பக்கத்துச் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி, அதில் சிவப்பாக ஒரு திருகு சுவிட்ச்.

"இதுக்குப் பூட்டு போடலியா?"

"பூட்டு பையிலேயே இருந்துச்சு. அடுத்தவங்க வீடுன்னா பூட்டிச் சாவிய சட்டைப் பையில போட்டுக்குவார். நம்ம வீடுதானே, யார் தொடப்போறாங்கன்னு விட்டுட்டார்."

ஆய்வாளர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"கீழ பாத்தேன்மா. இன்வெர்ட்டர்ல மெயின் பக்கத்துக் கம்பிய இன்னும் சேர்க்கவே இல்ல. நீங்க மெயினைப் போட்டாலும் அணைச்சாலும் அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அவர் கையில இருந்தது பேனல்லேருந்து வர்ற கம்பி. வெயில் அடிக்கற வரைக்கும் அதுல கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும். அதை நிறுத்தறது இந்த ஒரே சுவிட்ச்தான்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"பன்னிரண்டு வருஷமாச் சாப்பிடறப்ப எங்க வீட்ல இந்தப் பேச்சுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கரண்ட் சோதிக்கற மீட்டர் அவர் பக்கத்துலேயே கிடந்துருக்கு. கம்பியில கரண்ட் இல்லன்னு சோதிச்சுட்டுத்தான் கைய வச்சிருக்கார். அப்படின்னா இதை அவர் முதல்லயே அணைச்சுட்டார். அதுக்கப்புறம் உங்க மாமியார் வந்து திருப்பினது..."

அவர் விரல் சுவிட்சில் 'ஆன்' என்று எழுதியிருந்த பக்கத்தில் நின்றது.

"ஆமா சார்" என்றாள் அவள், கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே. "அணைச்சுட்டேன்டான்னு சொல்லிக்கிட்டேதான் அத்தை படியில இறங்கி வந்தாங்க. வந்து பாத்தா அவர் கிடக்கறார். நான் ஓடிவந்து இதைத் திருப்பி அணைச்சுட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. யாருடி கரண்டைப் போட்டதுன்னு அத்தை கத்தினாங்க. நான்தான்னு சொன்னேன். அப்ப அதுதான் வாயில வந்துச்சு."

கீழே மாமியாரின் குரல் மறுபடியும் கேட்டது. மகன் பேரைச் சொல்லி அழுகை, மருமகளைச் சொல்லித் திட்டு, இரண்டும் மாறி மாறி வந்தன.

"காலம் முழுக்க இதைக் கேட்டுக்கிட்டே இருப்பீங்களாம்மா?"

அவள் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். விறைத்த துணி மடங்க மறுத்தது.

ஆய்வாளர் காகிதத்தை எடுத்துச் சுவரில் வைத்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிருங்கம்மா. உங்களுக்காகப் பொய் எழுத முடியாது. நடந்ததைத்தான் எழுதணும்."

"எழுதுங்க சார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது."