மலையில் வெட்டிய உப்பு

“தண்ணிக்கு மேலால நடந்தவர் ஆண்டவர் ஒருத்தர்தான். இப்ப தம்பியும் நடந்தவராம்” என்றார் கரைவலை முதலாளி மத்தேயுச் சம்மாட்டியார்.

முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிராமலே சிரித்தார்கள். பெண் கேட்டு வந்து, நடுவில் கதிரை போட்டு உட்காரவைக்கப்பட்டிருந்த யாகப்புவுக்குக் காது இரண்டும் சுட்டன.

யாகப்பு அந்தக் கொக்கிளாய்க் கடற்கரையில் பிறந்த பிள்ளைதான். சரக்குக் கப்பலொன்றின் குசினியில் நான்கு வருடம் சமையல் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். சம்மாட்டியாரின் மகள் யூலிற்றாவை அவனுக்குக் கொடுப்பதென்று பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. தேத்தண்ணி குடித்த கையோடு, கப்பலில் போய் என்னத்தைக் கண்டீர் என்று சம்மாட்டியார் கேட்டதுதான் வினையாய்ப் போயிற்று.

யாகப்பு கண்டதைச் சொன்னான். அறுபதாம் ஆண்டு தை மாதம் கப்பல் பழுது பார்ப்பதற்காக இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்தில் நின்றது. சனி, ஞாயிறு ஓய்வு. கூட வேலை செய்த மூன்று கூட்டாளிகளோடு ரயிலேறி, அல்ப்ஸ் மலைகளைத் தாண்டி, சால்ஸ்பேர்க் என்ற பழைய நகரத்துக்குப் போனான். குன்றின் உச்சியில் தொள்ளாயிரம் வருடத்துக் கோட்டை. கீழே தெரு, கூரை, மரம் எல்லாம் வெண்பனியில் மூடிக் கிடந்தன. நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு சோடிக் கையுறைதான் இருந்தது. ஆளுக்கொன்றாய் மாட்டி, மற்றக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாளும் ஊர் சுற்றினார்கள்.

பனி என்றதும் சம்மாட்டியாரின் மனைவி மார்கிறட், அது மார்கழியில் தங்கள் முற்றத்திலும்தான் பெய்கிறது, அதைப் பார்க்க ஏன் ரயிலேற வேண்டும் என்று கேட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாகப்பு நிறுத்தவில்லை. ஊர்ப்புறத்தில் ஒரு குளம் ஐஸ் கட்டியாய் இறுகிக் கிடந்ததையும், அதன்மேல் சனத்தோடு தானும் நடந்து திரிந்ததையும், அடியில் மீன் உயிரோடு இருந்ததையும் சொன்னான். ஞாயிறு பூசையில் எல்லோருடைய வாயிலிருந்தும் புகை வந்தது என்றான். கோயிலுக்குள்ளும் சுருட்டுப் பிடிக்கிறார்களோ என்று மார்கிறட் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில், அந்தப் பக்கத்தில் உப்பை மலைக்குள் வெட்டி எடுக்கிறார்கள் என்றான்.

வலை பொத்தியவர்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள். பிறந்ததிலிருந்து கடலுப்பு உடம்பில் காய்ந்து கிடக்கும் மனிதர்கள் அவர்கள். மலையில் உப்பாம்.

“பொய்யனுக்குப் பிள்ளையைக் குடுக்க ஏலாது, தம்பி” என்றார் சம்மாட்டியார். “ஆனா நான் நியாயம் பாக்கிறவன். புதுசா வந்திருக்கிற வெள்ளைச் சுவாமியாரைக் கேப்பம். அவருக்குத் தெரியாத பனியே?”

யாகப்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோயிலுக்கு எல்லோருக்கும் முன்னால் நடந்து போனவன் அவன்தான்.

சுவாமியார் வந்து இரண்டு மாதம்தான். சிவந்த முகம், நீலக் கண், இலக்கணத் தமிழ். சம்மாட்டியார் குளத்தையும் புகையையும் உப்பையும் ஒவ்வொன்றாய் எடுத்து முன்னால் வைத்தார். யாகப்பு வாய் திறந்தபோது, சுவாமியார் சொல்லட்டும் என்று அவனை அடக்கினார்கள். சுவாமியார் தாடியைத் தடவினார். பொய் பேசிப் பழக்கமில்லாதவர். சொற்களைத் தேடித் தேடி எடுத்தார்.

“நான் பிறந்து வளர்ந்த நாட்டில் இவற்றில் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.”

அத்தோடு வழக்குத் தீர்ந்தது. பொழுதுபடுவதற்குள் யாகப்புவுக்கு ‘மலையுப்பு’ என்று பேர் விழுந்துவிட்டது. அடுத்த நாள் கரைவலை இழுத்தவர்கள், கருவாட்டுக்கு எந்த மலையின் உப்பு நல்லது என்று அவனிடம் கேட்டார்கள். ஒரு கிழமைக்கு அவன் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

யூலிற்றா மட்டும் கோயில் கிணற்றடியில் அவனை மறித்தாள்.

“நீங்கள் போனது உண்மையெண்டு எனக்குத் தெரியும். பொய் சொல்லுறவையெண்டால் ஆளுக்கொரு சோடிக் கையுறை எண்டுதான் சொல்லுவினம்” என்றாள். “ஆனா எனக்கு அந்த ஊர் வேண்டாம். நீங்கள்தான் வேணும். போகேல்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.”

அந்தச் சனிக்கிழமை யாகப்பு பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, தான் கப்பலை விட்டு இறங்கவேயில்லை என்றும், சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்றும் சுவாமியாரிடம் அறிக்கையிட்டான். வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அபராதமாக மூன்று நாள் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லக் கிடைத்தது. சொல்லி முடித்துவிட்டுப் போய், சம்மாட்டியாரிடமும் அதையே ஒப்புக்கொண்டான்.

சம்மாட்டியார் அவனைக் கட்டிப் பிடித்தார். “இப்பதான் நீர் மனிசன். உண்மையைச் சொல்லுறவனை நம்பி என்ர பிள்ளையைத் தாறன்” என்றார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம் நடந்தது. பதிவேட்டில் கையெழுத்து வைத்து மற்றவர்கள் நகர்ந்த பிறகு சுவாமியாரும் மாப்பிள்ளையும் மட்டும் மேசையடியில் நின்றார்கள். யாகப்புவுக்கு மனம் கேட்கவில்லை.

“சுவாமி, உங்கட ஊரில பனி எந்த மாதம் விழும்?”

“பனியா?” சுவாமியார் பேனாவை மூடிக்கொண்டே சிரித்தார். “எங்கள் மொரிசியசுத் தீவில் கரும்பும் கடலும் வெயிலும்தான், மகனே, பனி எப்படி இருக்குமென்று அன்றைக்கு நீ சொல்வாய் என்று ஆசையோடு காத்திருந்தேன், அவர்கள்தான் உன்னைப் பேச விடவில்லை.”