ஓர் இருமல்

டீக்கடையில் நாச்சிமுத்து ஒருவர் முகத்தில்தான் மாஸ்க் இருந்தது.

"நோய்தான் போயிருச்சுங்களே, இன்னும் எதுக்குங்ணா?" என்றார் மாஸ்டர்.

"என் சரக்கை நானே போடலீன்னா வேற ஆரு போடுவா?"

கடை சிரித்தது. பனியன் கம்பெனியை மாஸ்க் கம்பெனியாக்கிய வருடம் லாபம் கொட்டியது. கொட்டிய அத்தனையையும் துணியாக்கி, தைத்து, கூரை தொட அடுக்கிவைத்தார். அந்த நேரம் பார்த்து ஊர் முகத்தைத் திறந்துவிட்டது. "லாபமெல்லாம் குடோன்ல நிக்குதுங்க. சனிக்கிழமை சம்பளத்துக்குக் கையில காசில்லீங்களே" என்று காலையில்தான் ஆடிட்டர் கைவிரித்திருந்தார்.

கடையோரத்தில் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். ஒருவர் சட்டென்று தள்ளி உட்கார்ந்தார். இன்னொருவர் சட்டைப்பையைத் துழாவிப் பழைய மாஸ்க் ஒன்றை எடுத்தார். நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு குபீரென்று பொங்கியது. ஆவலாகத் திரும்பிப் பார்த்தார்.

அவரிடம் தைக்கும் துளசிமணி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க மொதலாளி, பஞ்சுத் தூசுங்க" என்றாள்.

மாஸ்டர் டீயை நீட்டினார். "கழட்டிட்டுக் குடிங்ணா, ஆறிப்போகுது."

நாச்சிமுத்து டம்ளரைப் பிடித்தபடியே நின்றார். இருமல் கேட்டதும் மாஸ்க்குக்குள் தொடங்கிய சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.