பதினைந்து நிமிடப் பயணம்

புதிதாக வந்திருக்கும் அதிவேக விமானத்தில் சென்னையிலிருந்து துபாய்க்குப் பதினைந்தே நிமிடம்தான். மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கக் கிளம்பிய தணிகாசலம், திங்கட்கிழமை ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்து ஒன்பது மணி விமானத்தில் ஏறினார். போய்ச் சேர்ந்தபோது துபாயில் மணி ஏழே முக்கால். அங்கே ராகுகாலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"நான் எறங்க மாட்டேன்" என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

"எல்லாரும் பாக்குறாங்க. மானத்தை வாங்காதீங்க" என்றாள் மனைவி கோமளா.

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ராகுகாலத்துல நல்ல காரியம் பேச வேணாம்னு ஏழு மணிக்கே துபாய்லேருந்து கெளம்பி உங்க வீட்டுக்கு வந்துட்டோம். வீடு பூட்டியிருக்கே, எங்க போயிட்டீங்க?"

தணிகாசலம் போனைக் கையால் பொத்திக்கொண்டு கோமளாவிடம் சொன்னார்.

"நல்ல குடும்பம். முடிச்சிடலாம்."