குழந்தைகள் வார்டுச் சுவர்

“ஆறே மாசம்டி. கேஸ் முடிஞ்சதும் நமக்கு ஒரு குழந்தை,” என்றார் அரசு வக்கீலான கணவர்.

“கோர்ட்டு ஆறு மாசமா, காலண்டர் ஆறு மாசமா?” என்று கேலி செய்தாள் அவள். ஏழு வருஷமாயிற்று.

அந்தக் கேஸால் அரைகுறையாய் நின்றுபோன அரசு ஆஸ்பத்திரியை வாய்தாவுக்கு வாய்தா அளப்பது பொறியாளரான அவள் வேலை. சாவி அவளிடம் மட்டுமே இருந்தது. குழந்தைகள் வார்டுச் சுவரில் யாரோ பிள்ளையின் உயரத்தைக் குறிப்பதுபோல் பென்சில் கோடுகள். முதல் கோடு அவள் முழங்கால் உயரம். ஒவ்வொரு முறையும் சற்று மேலே ஒன்று கூடியிருக்கும்.

“இதையும் எங்க தலையில கட்டாதீங்க மேடம்!” என்று, கோடுகளைப் பற்றிக் கேட்டதும் எரிந்து விழுந்தார் கேஸில் எதிர்த்தரப்பான காண்டிராக்டர்.

இன்றைய கோடு அவள் இடுப்பைத் தாண்டியிருந்தது. நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டாள்.

கணவர் போனில் அழைத்தார். “மறுபடி தள்ளிட்டாங்கடி.”

“தள்ளட்டுங்க. எனக்குக் குழந்தை வேணும்.”